காற்றுவாய்

மணி ஒன்றேகால்.
யாஸ் தீவின் வெயிலை வெளியே நிறுத்திவிட்டு
கூரைக்குள் ஓர் ஊரே ராட்டினம் சுற்றுகிறது.
வரைபடத்தில் பதினொரு இடங்களில்
முள்கரண்டிப் படம்.
ஒவ்வொரு விலைப்பலகை முன்னும்
எமல்டா நிற்கிறாள், பெருக்குகிறாள்.

"இங்க வந்து ரூவாயில கணக்குப் பாக்காத"
என்று விசா வந்த அன்றே சொல்லியிருந்தேன்.
பார்க்கிறாள்.
நானும் பார்க்கிறேன், உதடு அசையாமல்.

எலுமிச்சைச் சோறு வாசலிலேயே நின்றுவிட்டது.
அதற்குப் பதிலாக என் சட்டைப்பையில்
நானூற்றுப் பதினெட்டு என்றொரு டோக்கன்.

கடற்கொள்ளையர் கூடத்தில் இடம் உண்டு.
நாலு நிமிஷத்துக்கொரு தரம் பீரங்கி.
அபின் இரண்டு வெடி பொறுத்தான்.
மூன்றாவதற்கு என் முழங்கால்களுக்கிடையில் இருந்தான்.
காட்டுக் கூடத்தில்
நாற்காலிக்கொரு கைப்பை உட்கார்ந்திருக்கிறது,
ஆட்கள் வரிசையில்.
பனிக் கூடத்தில் ஐஸ்கிரீம் மட்டும்தான் சாப்பாடு.
அது போதும் என்றாள் ஜோஸ்லின்.
கால் வலிக்குது என்பதைத்தான்
அவள் அப்படிச் சொல்வாள்.

வரைபடத்தை மடித்தேன்.
இந்த இடம் எனக்குத் தெரியும்,
ஆனால் மேலேயிருந்து.

கொள்ளையரும் காடும் பனியும் வருமுன்
இது பி பிளாக், சி பிளாக்.
பதினான்கு மீட்டர் உயரத்தில்
இரண்டு கோடை, தகரக் குழாய் மாட்டினோம்.
மின்சாரம் வராத கட்டடம்.
குளிர் ஓடப்போகும் வழிக்குள்
கடைசியாக வியர்த்தவர்கள் நாங்கள்.

அண்ணாந்தபடி நடந்தேன்.
"ஆளு மேல இடிக்கப் போறீங்க"
என்று பின்னால் குரல்.
கூரைக்குக் கறுப்பு பூசிவிட்டார்கள்.
பூசினால் என்ன,
பெரிய குழாய் எங்கே இடதுபக்கம் ஒடியும்,
எங்கே இளைக்கும் என்று கழுத்துக்குத் தெரியும்.
பொம்மைக்கடை தாண்டி, தொழுகை அறை தாண்டி,
கழிவறைக்குப் போகும் கூட்டம் நேரே போக
நாங்கள் மட்டும் திரும்பினோம்.

பழுதுபார்ப்பு என்று பலகை தொங்கும் ஒரு சவாரி.
அதன் வாசலில் பிளாஸ்டிக் ஆலமரம்,
மரத்தைச் சுற்றிப் பெஞ்சு.
ஒருவரும் இல்லை.
இருநூறு பேர் வரிசை நிற்பார்கள் என்று
யாரோ கணக்குப் போட்ட குளிர்
எங்கள் நாலு பேர் மேல் விழுந்தது.

உட்கார வைத்துவிட்டு ஓடினேன்.
ஒரு வாளிக் கோழி, இரண்டு சோறு, தண்ணீர்.
விலையை நான் சொல்லவில்லை,
அவள் கேட்கவில்லை.
மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து
நாரத்தங்காய் ஊறுகாய்ப் பொட்டலம் எடுத்தாள்.
"அந்த மிஷின்ல இது கண்ணாடி மாதிரிதான தெரியும்."
மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள்.
தெரியாமலா சொல்வாள்.

"அப்பா, இதெல்லாம் நீங்க பண்ணதா?"
"மேல இருக்கறது மட்டும்."
ஜோஸ்லின் வெகுநேரம் பார்த்தாள்.
"ஒண்ணுமே தெரியலையே."
"தெரியக் கூடாதுன்னுதான் கறுப்பு."
அவள் கோழிக்குத் திரும்பினாள்.

அப்போதுதான் கேட்டது,
எழுபத்திரண்டாம் காற்றுவாயில்
டிக். டிக்.
ஒரு திருகு தளர்ந்திருக்கிறது.
நான் போட்டதில்லை, நிச்சயம்,
எனக்குப் பின்னால் வந்த கை.
ஒரு ஏணியும் அரை நிமிஷமும் போதும்.
வாயில் வைத்த சோறு அப்படியே நின்றது.

எமல்டா செருப்பைக் கழற்றி,
ஆலமரம் என்று சொல்லப்பட்டதில் முதுகு சாய்த்து,
கண் மூடியிருந்தாள்.
மூடியபடியே சொன்னாள்:
"திங்குங்க. இன்னைக்கு லீவு."

தின்றேன்.
டிக் என்றது. இன்னொரு வாய் தின்றேன்.

அபின் என் தொடையில் தூங்கிவிட்டான்,
கையில் பாதிக் கோழிக்கால்.
நெற்றி முடி லேசாக அசைகிறது.
கருவி இல்லாமலே சொல்வேன்,
வினாடிக்குக் கால் மீட்டர்.
ஒரு பிள்ளையை எழுப்பிவிடாத காற்று.